நியூயார்க் சினிமா லொகேஷன்கள்: படத்தில் கேமரா நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

#1 தாமிரா_77

அக்டோபர் 26, 27, 28 மூன்று நாளும் நியூயார்க்கில் லொகேஷன் பார்ப்பதற்கு மட்டும். இதுவரை எழுதி வைத்திருக்கும் பட்டியல்:

கோஸ்ட்பஸ்டர்ஸ் தீயணைப்பு நிலையம். ஜோக்கர் படிக்கட்டு. வுடி ஆலனின் மன்ஹாட்டனில் வரும் பாலத்தோர பெஞ்ச். பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனிஸ் நகைக்கடை. வென் ஹாரி மெட் சாலி ஓட்டல். மர்லின் மன்றோவின் உடை பறக்கும் இரும்புக் கிராதி. தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன் துரத்தல் நடந்த தெரு. ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் அமெரிக்கா போஸ்டரில் இருக்கும் பாலம்.

இடத்துக்குப் போய் நின்று "இதுதான் அது" என்று சொல்லிவிட்டு வர விருப்பமில்லை. படத்தின் ஃபிரேமும் நான் எடுக்கும் படமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். கையில் ஃபோனும், 24–105 லென்ஸ் போட்ட ஃபுல் ஃபிரேம் கேமராவும் இருக்கும். எந்த வரிசையில் போவது, எங்கே சொதப்பும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஃபிரேம்பித்தன்

முதலில் ஜூமைத் தொடாதீர்கள். பொருந்தாமல் போகும் படங்களில் பெரும்பாலானவை அங்கேதான் கெடுகின்றன. கட்டடம் சின்னதாகத் தெரிகிறது என்று ஜூம் செய்வார்கள், அளவு சரியாகிவிடும், ஆனால் பின்னால் இருக்கும் கட்டடம் வேறெங்கோ நிற்கும். லென்ஸ் எவ்வளவு வெட்டுகிறது என்பதுதான் ஜூமால் மாறும். எது எதை மறைக்கிறது என்பது நீங்கள் நிற்கும் இடத்தால் மட்டும்தான் மாறும்.

அதனால் செய்ய வேண்டியது இது. ஸ்டில்லில், கிட்டே ஒன்றும் தூரத்தில் ஒன்றுமாக இரண்டு செங்குத்துக் கோடுகள் தொட்டுக்கொள்ளும் இடத்தைத் தேடுங்கள். உதாரணமாக, பக்கத்துக் கட்டடத்தின் மூலை, பின்னால் இருக்கும் கட்டடத்தின் மூன்றாவது ஜன்னலை ஒட்டி முடிகிறது. தெருவில் இறங்கி, அந்த இரண்டும் அதேபோல் ஒட்டும்வரை பக்கவாட்டில் நகருங்கள். இப்போது நீங்கள் ஒரு நேர்கோட்டின் மேல் நிற்கிறீர்கள். கேமராவும் இதே கோட்டில்தான் எங்கோ நின்றது. ஃபிரேமின் மறுபக்கத்தில் இன்னொரு ஜோடியை எடுங்கள். முதல் ஜோடி கலையாமல், அதே கோட்டில் முன்னும் பின்னும் நடந்து இரண்டாவது ஜோடியையும் ஒட்டவையுங்கள். இரண்டு கோடும் வெட்டும் புள்ளிதான் கேமரா நின்ற இடம். அதன் பிறகு ஜூம்.

அடுத்தது உயரம். இதை யாரும் பார்ப்பதில்லை. ஜன்னல் விளிம்பு, நடைபாதை ஓரம் என்று தெருவுக்கு இணையாக ஓடும் கோடுகளை ஸ்டில்லின் மேல் நீட்டிப் பாருங்கள், ஒரே புள்ளியில் கூடும். அந்தப் புள்ளியின் உயரம்தான் லென்ஸின் உயரம். அந்த மட்டம் ஃபிரேமில் நிற்பவர்களின் கண்ணை வெட்டினால் கேமரா ஆள் உயரத்தில் இருந்தது. இடுப்பை வெட்டினால் நீங்கள் குந்த வேண்டும். தலைக்கு மேலே போனால் கிரேனோ மாடியோ. அந்த ஷாட்டை விட்டுவிட்டு அதே காட்சியில் வேறு ஷாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸ் கணக்கு தோராயமாக: சாதாரண 35 மி.மீ. படத்தில் 40 மி.மீ. லென்ஸ் என்றால் உங்கள் கேமராவில் 65 பக்கம் வரும். அனமார்ஃபிக் அகலத்திரைப் படத்தில் 50 மி.மீ. என்றால் உங்களுக்கு 41 பக்கம், ஏனென்றால் அந்த லென்ஸ் பக்கவாட்டில் இரண்டு மடங்கு வாங்கும். ஃபோனின் முதன்மை லென்ஸ் 24–26-க்குச் சமம். பெரும்பாலான ஷாட்டுகளுக்கு அது ரொம்ப அகலம். ஆனாலும் சரியான புள்ளியில் நின்று அகலமாக எடுத்துப் பிறகு வெட்டிக்கொண்டால் பொருந்தும். தவறான புள்ளியில் நின்றால் எந்த லென்ஸும் காப்பாற்றாது.

ஸ்டில்லை ஃபோனில் வைக்கும்போது மேலும் கீழும் இருக்கும் கறுப்புப் பட்டையை வெட்டிவிடுங்கள். பட்டையோடு ஒப்பிட்டால் ஃபிரேமின் ஓரம் எது என்றே தெரியாது.

#3 சுரங்கரயில்

வழி நான் சொல்கிறேன். பட்டியலை நாடு பிடிக்கிற மாதிரி சிதறடிக்காமல் ரயில் பாதைப்படி கட்டினால் மூன்று நாள் தாராளம்.

முதல் நாள், மிட்டவுன். மன்ஹாட்டன் (1979) பெஞ்ச் காட்சி விடியற்காலையில் எடுத்தது, அதனால் அதில் ஆரம்பியுங்கள். அக்டோபர் கடைசியில் சூரிய உதயம் 7.20 வாக்கில், 6.45-க்கு அங்கே இருக்க வேண்டும். லெக்சிங்டன் அவென்யூ/59-வது தெரு நிலையத்தில் இறங்கி, 58-வது தெருவில் கிழக்கே ஆறு வரும்வரை நடை. தெரு முடியும் இடம் சட்டன் ஸ்கொயர், தலைக்கு மேலே குவீன்ஸ்பரோ பாலம். திரும்பும்போது இரண்டாவது அவென்யூவில் ரூஸ்வெல்ட் தீவு கேபிள் கார். 2002 ஸ்பைடர்மேன் உச்சக்காட்சியில் வருவது இதுதான், சப்வே கட்டணமேதான். பிறகு லெக்சிங்டனும் 52-வது தெருவும் சந்திக்கும் முனையில் மன்றோ கிராதி, ஐந்தாவது அவென்யூ 57-இல் நகைக்கடை, அங்கிருந்து சென்ட்ரல் பார்க்.

இரண்டாம் நாள், கீழ் மன்ஹாட்டன். 1 ரயிலில் ஃபிராங்க்ளின் தெரு: தீயணைப்பு நிலையம், 14 நார்த் மூர் தெரு. அதே 1 ரயிலில் கிறிஸ்டோபர் தெரு: பெட்ஃபோர்டும் குரோவும் சேரும் முனையில் ஃபிரெண்ட்ஸ் தொடரில் வெளிப்புறமாகக் காட்டிய கட்டடம். அங்கிருந்து மேற்கு 4-வது தெரு நிலையத்துக்கு நடந்து எஃப் ரயில் பிடித்தால் செகண்ட் அவென்யூ நிலையத்தில் வென் ஹாரி மெட் சாலியின் கேட்ஸ் ஓட்டல், மறுபடி எஃப் ஏறினால் யார்க் தெரு நிலையத்தில் புரூக்ளினின் டம்போ பகுதி, ஒன்ஸ் அப்பான் எ டைம் போஸ்டர் பாலம் அங்கேதான். ஒரே கோடு.

மூன்றாம் நாள், பிராங்ஸும் புரூக்ளினும். காலையில் 4 ரயிலில் 167-வது தெரு, மேற்கே நடந்தால் ஜோக்கர் படி. முடித்துவிட்டு கிழக்கே கிராண்ட் கான்கோர்ஸ் வரை நடந்தால் அங்கே டி ரயிலின் 167-வது தெரு நிலையம். அந்த டி வண்டி, மாறாமலே, ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன் தெருவரைக்கும் போகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். நெரிசல் நேரத்தில் சில டி வண்டிகள் எக்ஸ்பிரஸாக ஓடி 167-இல் நிற்காது, பத்து மணிக்கு மேல் போங்கள்.

கட்டணம் ஒரு பயணத்துக்கு 3 டாலர். வங்கி அட்டையையோ ஃபோனையோ கதவில் தொட்டால் போதும், பழைய மெட்ரோகார்டு இப்போது விற்பதில்லை. ஏழு நாளுக்கு 35 டாலர் உச்சவரம்பு. அது கணக்காக வேண்டுமென்றால் எல்லா முறையும் ஒரே பொருளைத் தொட வேண்டும். ஃபோனில் இருக்கும் அட்டையும் பர்ஸில் இருக்கும் அதே அட்டையும் இரண்டு தனிக் கணக்கு, பலர் இதில் கோட்டைவிடுகிறார்கள். சனி ஞாயிறில் பராமரிப்புக்காகத் தடம் மாற்றுவார்கள், கிளம்பும் காலையில் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

#4 வெயில்கணக்கன்

சுரங்கரயில் கொடுத்த வரிசையோடு வெயிலையும் சேர்த்துப் பாருங்கள். மன்ஹாட்டனின் கட்டத் தெருக்கள் உண்மையான வடக்கிலிருந்து 29 பாகை கிழக்கே சாய்ந்தவை. எல்லோரும் "வடக்கு" என்று சொல்லும் அவென்யூ உண்மையில் வடகிழக்குப் பக்கம் ஓடுகிறது. அதனால் நண்பகலில் அவென்யூ நேராக வெயில் அடிக்காது.

உங்கள் தேதிகளில்: காலை 8.35 வாக்கில் குறுக்குத் தெருக்களில் கிழக்கிலிருந்து வெயில் நேராகப் பாயும், அடிவானத்திலிருந்து 12 பாகை உயரம்தான், நிழல் நீளமாக விழும். பிற்பகல் 2.20 வாக்கில் அவென்யூக்களில் தெற்கிலிருந்து நேர்வெயில். இந்த இரண்டு நேரம் தவிர மீதிப் பொழுதில் தெருவின் ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் கும்மிருட்டு. ஸ்டில்லில் எந்தப் பக்கம் வெயில் என்று பார்த்தாலே காலையா மாலையா என்று முடிவுசெய்யலாம்.

ஜோக்கர் (2019) படி மேற்கிலிருந்து கிழக்கே இறங்குகிறது. மேலே ஆண்டர்சன் அவென்யூ, கீழே ஷேக்ஸ்பியர் அவென்யூ. கீழே நின்று மேலே பார்த்தால் உங்கள் முகம் மேற்கு நோக்கி. காலையில் வெயில் உங்கள் முதுகில், படி முழுக்க வெளிச்சம். மதியத்துக்குப் பிறகு போனால் வானம் வெளுத்து, படி கறுத்துவிடும். சுரங்கரயில் அதைக் காலையில் வைத்தது சரி.

டம்போவில் காட்சி ஏறத்தாழ நேர்வடக்கு. வெயில் கண்ணில் அடிக்காது. ஆனால் இரண்டு பக்கமும் உயரமான செங்கல் கிடங்குகள், தெரு நிழலிலும் பாலம் வெயிலிலும் இருக்கும். பாலத்துக்கு எக்ஸ்போஷர் வைத்து, தெருவைப் பிறகு தூக்கிக்கொள்ளுங்கள்.

#5 ஃபிரேம்பித்தன்

டம்போவுக்கு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் மேலே சொன்ன ஜோடிக்கோடு முறையைப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. வாஷிங்டன் தெருவில், வாட்டர் தெரு முனையில் நின்றால் மன்ஹாட்டன் பாலத்தின் கோபுரக் கால்களுக்கு நடுவே எம்பயர் ஸ்டேட் கட்டடம் தெரியும். கோபுரம் சில நூறு அடி தூரம், எம்பயர் ஸ்டேட் 5 கி.மீ. தூரம். நீங்கள் பக்கவாட்டில் ஒரே ஒரு மீட்டர் நகர்ந்தால் எம்பயர் ஸ்டேட் கிட்டத்தட்ட தன் அகலத்தில் பாதி அளவுக்கு விலகும். இரண்டு எட்டு தள்ளிவைத்தால் இரும்புக்குப் பின்னால் பாதி மறைந்துவிடும். நடைபாதையில் நின்று வராததற்குக் காரணம் அதுதான். நிற்க வேண்டியது கருங்கல் பாவிய தெருவின் நடுவில்.

கட்டடம் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் முன்னால் போகாதீர்கள், ஃபிரண்ட் தெருப் பக்கம் பின்னால் வாருங்கள். பின்னால் வர வரக் கோபுரம் சுருங்கும், 5 கி.மீ. தள்ளி இருப்பது சுருங்கவே சுருங்காது. அப்புறம் லென்ஸை 85–105-இல் வைத்து எடுங்கள். வண்டி வரும் தெரு, பின்னால் ஒருவர் நின்று பார்த்துக்கொள்ளட்டும்.

#6 செங்கல்சுவர்

எங்கே பொருந்தவே பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே போய் நின்று தவிக்கக் கூடாது.

பெஞ்ச்: அந்த இடத்தில் பெஞ்சே கிடையாது. படப்பிடிப்புக்காகக் கொண்டுவந்து போட்டது. பாலத்தையும் கரையையும் வைத்துத்தான் பொருத்த வேண்டும். கறுப்பு வெள்ளை, மிக அகலமான ஃபிரேம், உங்கள் படத்தின் மேலும் கீழும் நன்றாக வெட்ட வேண்டியிருக்கும்.

தீயணைப்பு நிலையம்: வெளிப்புறம் மட்டும்தான் இது. கோஸ்ட்பஸ்டர்ஸ் (1984) உட்புறக் காட்சிகள் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பழைய தீயணைப்பு நிலையத்தில் எடுத்தவை. இது 1903-இல் இரண்டு வாசலோடு கட்டியது. வேரிக் தெருவை அகலப்படுத்தியபோது, 1913-இல், பாதி போய்விட்டது, அதனால்தான் இவ்வளவு ஒடுங்கலாக நிற்கிறது. இன்றும் வேலை செய்யும் நிலையம். வாசலுக்கு நேரே உள்ள சரிவில் ஒரு நொடிகூட நிற்காதீர்கள், எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து எடுங்கள். படத்தின் கோணமும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

மன்றோ கிராதி: 1954 செப்டம்பரில் அங்கே எடுத்தார்கள், கூட்டத்தின் இரைச்சலால் பிறகு ஸ்டுடியோவில் மறுபடி எடுத்தார்கள். பின்னால் இருந்த தியேட்டர் இப்போது இல்லை. கிராதி மட்டும் இருக்கிறது. ஃபிரேம் பொருத்தும் இடமல்ல, குனிந்து பார்க்கும் இடம். பத்து நிமிடம் போதும்.

நகைக்கடை: 1961 படத்தில் ஐந்தாவது அவென்யூ இருவழிப் பாதை. 1966-இல் ஒருவழியாக்கி, இப்போது எல்லா வண்டியும் தெற்கே மட்டும் போகிறது. படத்தில் இருக்கிற மாதிரி வண்டி வரும் என்று காத்திருந்து பயனில்லை. கட்டடத்தின் தலையில் புதிதாகக் கண்ணாடி மாடி ஏறியிருக்கிறது, 2023-இல் திறந்தது. முதல் மாடிக்கு மேல் வெட்டினால் நன்றாகவே பொருந்தும். நாயகி குடியிருந்த வீடு 169 கிழக்கு 71-வது தெரு. ஒருவர் வாழும் வீடு. எதிர்ப்பக்கம் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும், வாசற்படியில் உட்காரக் கூடாது.

இன்னொன்று, யாரும் எதிர்பார்க்காதது: சாரம். ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் முகப்பை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பது நகரச் சட்டம். கல் விழுந்துவிடாமல் நடைபாதைக்கு மேலே பச்சை நிறத்தில் மரக் கூரை போடுவார்கள், சில இடங்களில் அது ஆண்டுக்கணக்கில் நிற்கும். கீழ்த்தளம் முழுக்க மறைந்துவிடும். எங்கெங்கே சாரம் இருக்கிறது என்று நகரக் கட்டடத் துறையே வரைபடம் வெளியிடுகிறது, முந்தின நாள் இரவு முகவரியைப் போட்டுப் பாருங்கள்.

#7 தாமிரா_77

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ஒன்று: வேட்டையாடு விளையாடு (2006) நியூயார்க் காட்சிகளிலிருந்து ஆறு ஸ்டில் எடுத்து வைத்திருக்கிறேன். ஆங்கிலப் படங்களுக்கு முகவரி எங்கும் கிடைக்கிறது, தமிழ்ப் படத்துக்கு யாரும் எழுதி வைக்கவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு: முக்காலி வைக்கலாமா?

#8 நிழற்கோடு

முதல் கேள்விக்கு. தமிழ்ப் பட லொகேஷன்களை நாம்தான் எழுதி வைக்க வேண்டும், அதனால் கொஞ்சம் விரிவாக.

கதாநாயகனைப் பார்க்காதீர்கள், அவர் பின்னால் இருப்பதைப் பாருங்கள். ஒரு ஷாட் ஓடும் நேரத்தில் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினால், நடிகரின் தோளுக்குப் பின்னால் அரை நொடிக்கு ஒரு தெருப் பலகை வந்து போகும். நான்கு எழுத்துப் படிக்க முடிந்தாலே போதும்.

பலகை கிடைக்காவிட்டால்:

வண்டி ஓடும் திசை. மன்ஹாட்டனில் பொதுவாக இரட்டைப்படை எண் தெருக்கள் கிழக்கே, ஒற்றைப்படை மேற்கே. நிழலை வைத்துத் திசை தெரிந்துவிட்டால், பாதித் தெருக்களை ஒரே அடியில் கழித்துவிடலாம். 14, 23, 34, 42 போன்ற அகலமானவை இருவழி.

கதவு எண். ஒற்றைப்படை தெருவின் வடக்குப் பக்கம், இரட்டைப்படை தெற்குப் பக்கம். கிழக்கு மேற்கு எண்கள் ஐந்தாவது அவென்யூவிலிருந்து தொடங்கும். கடைப் பந்தலில் "48" என்று தெரிந்தால், அது ஐந்தாவது அவென்யூவுக்குப் பக்கத்தில், தெற்குப் பக்கம்.

பலகையின் நிறம். இப்போது பச்சை, பாரம்பரியப் பகுதிகளில் பழுப்பு. பழுப்பு தெரிந்தால் தேடும் பரப்பு மிகவும் சுருங்கிவிடும். அறுபது எழுபதுகளின் படம் என்றால் இன்னும் சுலபம்: அப்போது மன்ஹாட்டனுக்கு மஞ்சளில் கறுப்பு எழுத்து, பிராங்ஸுக்கு நீலத்தில் வெள்ளை, புரூக்ளினுக்குக் கறுப்பில் வெள்ளை, குவீன்ஸுக்கு வெள்ளையில் நீலம்.

தெரு கிடைத்ததும் கூகுள் தெருக்காட்சியில் பழைய ஆண்டுக்குத் தள்ளிப் பாருங்கள். முதல் படங்கள் 2007-இல் தொடங்குகின்றன, உங்கள் படம் 2006. கடைப் பலகைகூட மாறாமல் இருக்க வாய்ப்பு உண்டு. எண்பதுகளின் படங்களுக்கு நகர ஆவணக் காப்பகம் இருக்கிறது: வரிக் கணக்குக்காக 1939–41-இலும் எண்பதுகளின் நடுவிலும் நகரத்தின் எல்லாக் கட்டடங்களையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார்கள், அத்தனையும் இணையத்தில் இலவசம். முகவரியாக இல்லாமல், வரிக் கணக்கில் ஒவ்வொரு மனைக்கும் இருக்கும் பிளாக், லாட் எண்ணாகத் தேடினால் தவறாமல் வரும்.

பாட்டுக் காட்சியில் கவனம். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே இடம் ஐந்து கிலோமீட்டர் தாவும். ஒவ்வொரு வெட்டையும் தனி லொகேஷனாகவே எண்ணுங்கள். கைப்பிடிச் சுவர், விளக்குக் கம்பம் போன்றவை இரண்டு ஷாட்டிலும் அச்சாக ஒன்றாக இருந்தால் மட்டும் ஒரே இடம் என்று சேர்க்கலாம்.

#9 செங்கல்சுவர்

முக்காலி: நடைபாதையில், பூங்காவில் கையில் பிடித்தோ முக்காலியிலோ எடுக்க, யாரையும் மறிக்காதவரை, நகரத்தின் அனுமதி தேவையில்லை. இடத்தை உங்களுக்கென்று வளைத்துக்கொண்டால், நாற்காலி மேசை என்று பொருள் இறக்கினால் அனுமதி வேண்டும். சப்வேயில் படம் எடுக்கலாம், ஆனால் முக்காலியும் விளக்கும் கூடாது. ட்ரோனை அனுமதி இல்லாமல் எங்கிருந்தும் கிளப்பக் கூடாது, வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கேட்ஸ் ஓட்டலில் வென் ஹாரி மெட் சாலி (1989) மேசைக்கு மேலே பலகை தொங்கும், தேட வேண்டியதில்லை. வாசலில் ஆளுக்கு ஒரு சீட்டு கொடுப்பார்கள். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் வெளியே போகும்போது அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், தொலைத்தால் தண்டம். திறந்தவுடன் போனால் மேசை காலியாக இருக்கும். மதியம் போனால் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், அவர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்ட முடியாது.

#10 குவீன்ஸ்காரன்

ஜோக்கர் படியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்வேன். ஒரு படிக்கட்டுக்காக அவ்வளவு தூரமா? அதோடு அது அங்கே குடியிருப்பவர்கள் ரயிலுக்கு இறங்கும் வழி. ஆட்கள் நடுவில் ஆடிக்கொண்டு நின்றால் மளிகைப் பையோடு ஏறுபவர் என்ன செய்வார்?

#11 ஃபிரேம்பித்தன்

இரண்டாவது காரணம் முழுக்க நியாயம். ஆனால் இடத்தை விட வேண்டியதில்லை, நிற்கும் முறையை மாற்றினால் போதும். படத்தில் மிகவும் தெரிந்த கோணம் கீழிருந்து மேலே பார்ப்பது. நீங்கள் படியில் ஏறவே வேண்டாம், ஷேக்ஸ்பியர் அவென்யூ நடைபாதையில் இருந்தே எடுக்கலாம். மேலே உள்ள ஷாட்டுக்கு ஒரே ஒருமுறை, கைப்பிடி ஓரமாக ஏறி, எடுத்துவிட்டு இறங்குங்கள். காலை வேலைக்குப் போகும் கூட்டம் குறைந்த பிறகு, 9.30 வாக்கில். வெயிலும் அப்போது முதுகில்தான்.

தூரத்துக்குப் பதில்: அங்கிருந்து டி வண்டியில் நேரே போகலாம் என்பதால்தான் மூன்றாம் நாள் சரியாகிறது.

#12 சுரங்கரயில்

அந்த டி வண்டியில் எங்கே இறங்குவது என்று சொல்லாமல் விட்டேன். தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன் (1971) துரத்தல் பெரும்பாலும் இந்த டி ரயில் தெருவுக்கு மேலே தூண்களில் ஓடும் உயர்பாதைக்குக் கீழேதான். முடிவில் கொலைகாரன் சுடப்படும் படிக்கட்டு 62-வது தெரு நிலையத்தில் இருக்கிறது. அங்கே முதலில் இறங்கி அதை எடுத்துவிட்டு, மறுபடி ஏறி 20-வது அவென்யூவில் இறங்கி 86-வது தெருவில் நடங்கள். சாட்டர்டே நைட் ஃபீவர் (1977) தொடக்க நடையும் இதே தெருதான், அதில் வரும் பீட்சா கடை 2023-இல் மூடிவிட்டது.

பாதைக்குக் கீழே வெளிச்சம் கோடுகோடாக விழும். வெயில் பட்டைக்கு எக்ஸ்போஷர் வைத்தால் மீதி கறுப்பு. மேகமான நாள் கிடைத்தால் மூன்றாம் நாளையும் முதல் நாளையும் மாற்றிக்கொள்ளத் தயங்காதீர்கள்.

#13 தாமிரா_77

மாற்றிக்கொள்கிறேன். ஃபிரெண்ட்ஸ் கட்டடம் மட்டும் விடுகிறேன், உள்காட்சிகள் கலிஃபோர்னியா ஸ்டுடியோ என்பதால். அந்த நேரத்தை டூ தி ரைட் திங் தெருவுக்குக் கொடுக்கலாமா?

#14 செங்கல்சுவர்

தாராளமாக. புரூக்ளினில் ஸ்டைவசென்ட் அவென்யூ, குவின்சிக்கும் (மன்ஹாட்டனில் உள்ளது அல்லாத) புரூக்ளின் லெக்சிங்டனுக்கும் நடுவில் உள்ள ஒரே ஒரு பிளாக். 1989 படம் முழுக்க அந்த ஒரு பிளாக்கில் எடுத்தது, 2015-இல் தெருவுக்கே படத்தின் பெயரையும் சூட்டிவிட்டார்கள், பலகை முனையில் இருக்கிறது. பீட்சா கடையைத் தேடாதீர்கள், காலி மனையில் போட்ட செட் அது. பழுப்புக்கல் வீடுகளின் வாசற்படிகளை வைத்துப் பொருத்துங்கள், கைப்பிடிக் கம்பிகளின் வளைவு வீட்டுக்கு வீடு வேறுபடும். ஜே ரயிலில் கேட்ஸ் அவென்யூ நிறுத்தம், அங்கிருந்து நடை.

ஆனால் அக்டோபரில் மரங்களில் இலை பாதிக்கு மேல் இருக்கும், மேல்மாடி ஜன்னல்கள் தெரியாது. கீழ்ப்படிகளும் முதல் தளமும் வரும் ஸ்டில்களாக இரண்டு மூன்று கூடுதலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.